தோட்டத்துக் கலங்கரை விளக்கம்: டெல்டா மழையில் எது நிற்கும், எது உளுத்துப்போகும்

மரத்தில் செய்து புல்தரையில் நிறுத்தும் கலங்கரை விளக்க மாதிரிகள் அமெரிக்காவில் பழைய சரக்கு. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் தச்சர்கள் அவற்றைக் கைப்படச் செய்து விற்கிறார்கள். அந்தப் படங்களைக் கைப்பேசியில் காட்டி உள்ளூர் ஆசாரியிடம் செய்யச் சொல்வது இப்போது டெல்டாவின் கடலோரத்திலும் நடக்கிறது. விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள், தோட்டம் விட்டு வீடு கட்டியவர்களும் கேட்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது நாகப்பட்டினம் பக்கத்துத் தச்சுப் பட்டறை ஒன்று, சொல்லிவைத்தால் செய்து தரும் மூன்று உருப்படிகள்: 5 அடி கேப் ஹாட்டரஸ், 4 அடி மனோரா, 3 அடி பழைய மெட்ராஸ் தூண்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனோராவைத் தயங்காமல் வாங்கலாம். ஹாட்டரஸை நான்கைந்து வேலைகளை மாற்றிச் செய்யச் சொல்லி வாங்கலாம். தூணை வாங்கினால் திண்ணையை விட்டு இறக்காதீர்கள்.

ஹாட்டரஸ், 5 அடி

வட கரோலினாவில் 1870-ல் எரியத் தொடங்கிய செங்கல் கோபுரம் இது. கடல் அரித்துக்கொண்டே வந்ததால் 1999-ல் கோபுரத்தை அப்படியே தூக்கி 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். உடம்பைச் சுற்றி ஏறும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள்தான் அதன் அடையாளம். பகலில் கப்பல்காரர்கள் இது எந்த விளக்கம் என்று தெரிந்துகொள்ளவே அந்தப் பூச்சு. அதனால் பட்டை தப்பினால் மாதிரியே தப்பு. இதைப் பட்டறைக்காரர்களிடம் முதலில் புரியவைக்க வேண்டும். வெறும் அலங்காரம் என்று நினைத்துப் படுக்கைவாட்டில் வளையம் போட்டுவிடுகிறார்கள். வளையம் போட்டால் அது அதே கரையில் இருக்கும் போடி தீவு விளக்கம், ஹாட்டரஸ் அல்ல.

உருப்படியின் அளவு சரியாக இருக்கிறது. பீடம் 3 அங்குலம், உடம்பு 48 அங்குலம், மேடையும் விளக்குக் கூண்டும் சேர்ந்து 9 அங்குலம். பெரும்பாலான மலிவு மாதிரிகளில் பல்பு போடும் வசதிக்காகக் கூண்டையே மொத்த உயரத்தில் கால் பங்கு ஆக்கிவிடுவார்கள். தலை பெருத்த பொம்மைபோல் நிற்கும். இதில் அந்தக் குறை இல்லை.

உடம்பு எட்டுப்பட்டை. அடியில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 20 அங்குலம், உச்சியில் 12 அங்குலம். எட்டுப்பட்டையில் ஒரு பக்கத்தின் அகலம் இந்த அளவை 0.414-ஆல் பெருக்கினால் வரும். ஆகப் பலகை ஒவ்வொன்றும் அடியில் சுமார் எட்டேகால் அங்குலம், தலையில் 5 அங்குலம். விளிம்பை 22.5 டிகிரியில் சாய்த்துச் சீவ வேண்டும். கோபுரம் மேலே ஒடுங்குவதால் இந்தக் கோணம் மாறும் என்று சிலர் குழம்புகிறார்கள். கணக்குப்படி 22.4 வரும். கைச்சீவலில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் எட்டுப் பலகையிலும் ஒரே பக்கமாக அரை டிகிரி தப்புவதுதான். ஒரு மூட்டில் இரண்டு விளிம்பு, எட்டு மூட்டில் பதினாறு விளிம்பு. அரை அரையாகச் சேர்ந்து கடைசி மூட்டில் 8 டிகிரி வாய் பிளக்கும். அதைப் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கடையில் தெரியாது, முதல் கோடையில் தெரிந்துவிடும். வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். உள்பக்கம் பட்டி தெரிந்தால் வேண்டாம்.

இந்தப் பட்டறை மூட்டுகளை நீர் தாங்கும் பசையில் ஒட்டி, பழைய சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றி ஒருநாள் வைக்கிறது. நல்ல முறை. எட்டுப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். உள்ளே 16 அங்குலத்துக்கு ஒன்றாக எட்டுப்பட்டை வளையச் சட்டம் வைத்திருப்பதும் சரி. ஆனால் அந்தச் சட்டங்களை நடுவில் துளையில்லாமல் முழுத் தட்டாக அடைத்திருந்தார்கள். அதுதான் இந்த உருப்படியின் மிகப் பெரிய பிழை. வெயிலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் மூடிய பெட்டிக்குள் வியர்க்கும். அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பலகையை உள்ளிருந்து ஊறவைக்கும். பெயின்ட் வெளியே கொப்புளமாக எழும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு தட்டிலும் 4 அங்குலத் துளை, பீடத்தில் அரை அங்குலத்தில் இரண்டு துளை, கூரை விளிம்பின் கீழே மறைவாக நான்கு துளை. வெளித்துளைகளில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் குளவி கூடு கட்டிவிடும்.

மரம் பற்றி. 6 நூல் (முக்கால் அங்குலம்) கனத்தில் உடம்புக்கு மட்டும் தேறிய அளவு 1.1 கன அடி வரும். சேதாரம், பீடம், மேடை, கூண்டு எல்லாம் சேர்த்து 2 கன அடி. உங்கள் ஊர் மரவாடியில் தேக்கு சிஎஃப்டி (கன அடி) என்ன விலை என்று கேட்டு இரண்டால் பெருக்குங்கள். பட்டறை மரத்துக்கு என்று சொல்லும் தொகை அதைவிட வெகுவாக ஏறினாலும் யோசிக்க வேண்டும், வெகுவாகக் குறைந்தாலும் யோசிக்க வேண்டும். குறைந்தால் அது தேக்கின் வெள்ளைப்பகுதி. நடுவில் இருக்கும் வைரமான சேகு மட்டும்தான் கரையானையும் ஈரத்தையும் தாங்கும். வெள்ளையை வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

தேக்குதான் வேண்டும் என்றில்லை. பலா நன்றாகத் தாங்கும்; தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கும் மரம், சீவலுக்கு மெழுகுபோல் வரும். பூவரசும் சரி. வேம்பைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் காயாத வேம்பு முறுக்கிக்கொள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா சாய்த்த தேக்கும் மாவும் பலாவும் இன்னும் சில வீடுகளின் கொல்லையில் பலகையாக அடுக்கிக் கிடக்கின்றன. அதைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் காய்ந்த மரத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது, நடுவில் கரையான் ஏறவில்லை என்றால். பச்சை மரத்தில் செய்தால் 8 அங்குலப் பலகை கால் அங்குலம் வரை ஒடுங்கும். எட்டு மூட்டில் எந்த மூட்டு பலவீனமோ அது விரியும். ஈரமானி வைத்துப் பார்த்தால் 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

பட்டை வரைவது இப்படி. ஹாட்டரஸில் கறுப்பு இரண்டு, வெள்ளை இரண்டு. ஒவ்வொன்றும் கோபுரத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றுகிறது. எட்டுப்பட்டையில் ஒன்றரைச் சுற்று என்றால் 12 பக்கம். 48 அங்குல உயரத்தை 12-ஆல் வகுத்தால் 4. ஆக ஒரு பக்கத்தைக் கடக்கும்போது கோடு 4 அங்குலம் ஏற வேண்டும். ஒரு முழுச் சுற்றில் 32 அங்குலம் ஏறும். அதில் நான்கு பட்டை என்றால் பட்டைக்கு 8 அங்குலம். ஒவ்வொரு மூலைக்கோட்டிலும் 8 அங்குலத்துக்கு ஒரு குறி, அடுத்த மூலையில் 4 அங்குலம் தள்ளிக் குறி. இணைத்தால் சுற்றி வந்து சரியாக முட்டும். இந்தக் கணக்கு இல்லாமல் கண்ணளவில் நாடா ஒட்டினால் பின்பக்கத்தில் கோடு சேராது. பட்டறையில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். சுற்றி வந்து பாருங்கள். பட்டை இடமாக ஏறுகிறதா வலமாக ஏறுகிறதா என்பதையும் அசல் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் கண்ணாடிபோல் திரும்பியிருந்தால் மாதிரியும் திரும்பிவிடும்.

பூச்சு வரிசை: தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, தின்னரில் துடைத்துவிட்டு ப்ரைமர் அடிக்க வேண்டும். முழுக்க வெள்ளை இரண்டு கை. காய்ந்தபின் நாடா ஒட்டி, நாடாவின் விளிம்பில் மறுபடி வெள்ளையே ஒரு கை. அது கசிவை அடைத்துவிடும். பிறகுதான் கறுப்பு. கோடு கத்தி வெட்டாக வரும். கறுப்புப் பட்டை வெயிலில் வெள்ளையைவிட அதிகம் சுடும் என்பதால் மூட்டு விரிவது முதலில் அங்கேதான் தெரியும். மேற்குப் பார்த்த முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை கவனித்தால் போதும்.

மேடையும் கூண்டும்

மழை வேலையைக் காட்டுவது இங்கே. கூண்டைச் சுற்றி நடக்கும் மேடையை 12 மில்லி பிளைவுட்டில் வெட்டி, சமதளமாக வைத்திருக்கிறார்கள். சமதளத்தில் தண்ணீர் நிற்கும்; பிளைவுட்டின் வெட்டுமுனை குடிக்கும்; ஐப்பசியில் ஆரம்பித்தால் மார்கழிக்குள் ஏடு ஏடாகப் பிரியும். மரைன் பிளை என்றாலும் விளிம்பை எபாக்ஸியால் மூடாவிட்டால் இதே கதிதான். மேடையை வெளிப்பக்கம் ஒரு நூலாவது சரியவிட்டு, அடியில் விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே ஒரு பள்ளக்கோடு இழுக்க வேண்டும். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி உடம்பில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஆசாரிக்கு அரைமணி ஆகாது. கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை.

சுற்றுக்கம்பிக்கு 16 பித்தளைக் கம்பி, பக்கத்துக்கு இரண்டு. அழகு. ஆனால் உள்ளே அடித்த ஆணிகள் சாதா இரும்பு. நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் இரும்பாணி ஒரே பருவத்தில் துருப்பிடித்து வெள்ளைப் பூச்சில் செங்கோடாக வழியும். தேக்கில் ஆணியைச் சுற்றிக் கருங்கறையும் விழும். கடலோரம் என்றால் எஸ்எஸ் 316 திருகாணி, உள்ளே தள்ளி கும்பகோணம் மன்னார்குடி பக்கம் என்றால் 304 அல்லது பித்தளை போதும்.

கூண்டுக்கு 3 மில்லி அக்ரிலிக். கண்ணாடியைவிட இது நல்லது. ஆனால் நான்கு பக்கமும் அரை நூல் இடைவெளி விட்டு உட்கார வைக்க வேண்டும், இறுக்கினால் வெயிலில் வளையும். ஒரு முகமாவது கழற்ற வர வேண்டும். இந்த உருப்படியில் எட்டையும் சிலிக்கான் போட்டு ஒட்டிவிட்டார்கள். பல்பு போனால் கூரையை அறுக்க வேண்டியதுதான்.

கூரை ஒரே கட்டையில் கடைந்தது. மரத்தின் மையக்கோடு உள்ளே இருக்கும் கட்டை எப்படிக் காய்ந்தாலும் வெடிக்கும். எட்டு முக்கோணமாக வெட்டி ஒட்டி, மேலே மெல்லிய செம்புத் தகடோ அலுமினியத் தகடோ போர்த்துவதே நிற்கும். உச்சிக் குமிழை மட்டும் நாச்சியார்கோவிலில் பித்தளையில் வார்த்து வாங்கலாம். குத்துவிளக்கு வார்க்கிற ஊருக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. படகுக்குப் பூசுவதுபோல் மரத்தின் மேல் ஃபைபர் ஒட்டித் தருகிறோம், ஆயுசுக்கும் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரு சின்ன விரிசல் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் சேறாகியிருக்கும்.

நிறுத்துவது

உருப்படியின் எடை சுமார் 37 கிலோ. கையால் தள்ளினால் அசையாது, அதனால் அப்படியே புல்லில் வைத்துவிடுகிறார்கள். காற்றின் கணக்கு வேறு. 120 கிலோமீட்டர் வேகக் காற்று இந்தக் கோபுரத்தின் முகத்தில் சுமார் 50 கிலோ அழுத்தும். அது இரண்டேகால் அடி உயரத்தில் தள்ளுவதாக வைத்துக்கொண்டால் கவிழ்க்கும் சக்தி, கிலோவை அடியால் பெருக்கி, சுமார் 113 கிலோ-அடி. கோபுரத்தின் சொந்த எடை தாங்கிப் பிடிப்பது 31 கிலோ-அடி மட்டும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்கு, ஆக 60 கிலோமீட்டர் காற்றில் அது மயிரிழையில் நிற்கும். அதற்கு மேல் விழும். வங்கக்கடலோரத்தில் இருந்துகொண்டு இதை அதிர்ஷ்டத்துக்கு விட முடியாது.

2 அடிக்கு 2 அடி, 6 அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் மேடை போட்டால் அதன் எடை 135 கிலோ. கோபுரத்தை அதோடு நான்கு 10 மில்லி போல்ட்டில் இறுக்கினால் தாங்கும் சக்தி 170-ஐத் தாண்டும், 113-க்கு அது போதும். போல்ட்டைக் கான்கிரீட் ஊற்றும்போதே நட்டுவிட வேண்டும். அட்டையில் துளை மாதிரி எடுத்து வைத்துக்கொண்டால் இடம் தப்பாது.

டெல்டாக் களிமண்ணில் இன்னொரு சங்கதி. வாய்க்கால் வறண்ட கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும், ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் பொதும்பி எழும். களிமண்மேல் நேராகக் கான்கிரீட் போட்டால் ஆண்டுக்கு இரண்டு தடவை அது சாய்ந்து நிமிரும். 9 அங்குலம் தோண்டி, 6 அங்குலம் கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் 6 அங்குலக் கான்கிரீட். மேடை தரைக்கு மேல் 3 அங்குலம் தெரியும். ரசமட்டத்தைக் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். மேடைக்கும் மரப்பீடத்துக்கும் நடுவே நான்கு மூலையிலும் 2 அங்குலக் கருங்கல் துண்டு வைத்தால் கீழே காற்று ஓடும், கரையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படும்.

விளக்குக்கு 12 வோல்ட், 3 வாட் எல்இடி போதும். அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், குழாய் வழியாகக் கம்பி மட்டும் வரட்டும். சூரிய ஒளித் தொப்பி விளக்கு ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் ஏழு மணிக்கே கண்ணை மூடிவிடும். அசல் ஹாட்டரஸ் ஏழரை வினாடிக்கு ஒருமுறை மின்னும். அந்த நேரத்துக்குச் சின்ன சர்க்யூட் வைத்துத் தருகிறார்கள். ஊருக்குள் என்றால் நன்றாக இருக்கும். கடலைப் பார்த்த வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம். கரை திரும்பும் படகுக்கு மின்னும் விளக்கு என்பது வழி சொல்லும் சொல். பொம்மை விளக்கை வைத்து அந்தச் சொல்லை அங்கே பேசக்கூடாது. தை முதல் சித்திரை வரை நாகைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் நடக்கும். அந்த மாதங்களில் அணைத்து வைக்க வேண்டும்.

மனோரா, 4 அடி

சேதுபாவாசத்திரம் பக்கம், பாக் நீரிணையைப் பார்த்து நிற்கும் மனோராவை இரண்டாம் சரபோஜி கட்டினார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவுச்சின்னம் அது. ஆண்டு 1814 என்று கல்வெட்டு சொல்கிறது. கலங்கரை விளக்கமாகவே பிறந்ததல்ல என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும். எட்டு அடுக்கு, அறுகோணம், 23 மீட்டர். மரத்தில் செய்வதற்கென்றே வரைந்ததுபோன்ற வடிவம். அசலே கோணம் கோணமாக இருப்பதால் பலகையில் செய்யும்போது எதையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஹாட்டரஸில் உருண்டையை எட்டுப்பட்டையாக்கிய சமரசம் இதில் கிடையாது.

பட்டறை இதை ஏறக்குறைய 19-ல் ஒரு பங்காகச் செய்கிறது. தட்டுக்கு 6 அங்குலம், எட்டுத் தட்டு. அடித்தட்டு 18 அங்குலம், மேல்தட்டு 8. விளிம்புச் சாய்வு 30 டிகிரி. தட்டுகள் தனித்தனிப் பெட்டிகள். நடுவே 12 மில்லி எஸ்எஸ் மரைக்கம்பி அடியிலிருந்து உச்சிவரை ஓடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. மரம் ஒடுங்கினால் உச்சி நட்டை அரைச்சுற்று முறுக்கினால் சரி. ஒரு தட்டு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அங்குலம் நீட்டிய இறவாணம் இருப்பதால் மழைத்தண்ணீர் எந்த முகத்திலும் 6 அங்குலத்துக்கு மேல் வழிவதில்லை. ஹாட்டரஸில் நாம் கெஞ்சிக் கேட்க வேண்டிய வேலையை இங்கே கட்டட வடிவமே செய்துகொடுக்கிறது.

குறை என்றால் 48 பலகை, அத்தனை வெட்டுமுனை. அவை எல்லாவற்றிலும் கூடும் முன்பே எண்ணெய் ஊறவைத்திருக்க வேண்டும். கூட்டியபின் தூரிகை எட்டாது. இதைச் செய்தார்களா என்று ஒரு தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரைக்கம்பி இருப்பதால் கழற்றுவது ஐந்து நிமிட வேலை. தயங்கினால் செய்யவில்லை என்று பொருள்.

மெட்ராஸ் தூண், 3 அடி

உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் 125 அடி டோரிக் தூண், 1844 முதல் 1894 வரை சென்னையின் கலங்கரை விளக்கம். அதன் மாதிரி 6 அங்குலக் குறுக்களவில் ஒரே கட்டையில் கடைந்தது. கடைசல் வேலை பிரமாதம், மரம் எடுத்த விதம் தப்பு: மரத்தின் நடுக்கோடு தூணின் நடுவே ஓடுகிறது. நிழலில் வைத்தால் சின்ன வெடிப்போடு நிற்கும், வெயிலில் வைத்தால் விரல் போகும். நான்கு சட்டத்தை ஒட்டி, அதன்பின் கடையச் சொன்னால் வாங்கலாம்.

பட்டறையில் கோடியக்கரைச் சோழர் கலங்கரை விளக்கம் என்று ஒரு வரைபடமும் காட்டுகிறார்கள். கலசம், யாளி எல்லாம் வைத்து. அந்தப் பழைய செங்கல் கோபுரம் 2004 சுனாமியில் சிதைந்து இப்போது அடிப்பகுதிதான் மிச்சம். இடிவதற்கு முன் எடுத்த படங்களிலும் கலசம் கிடையாது. ஆசையிருந்தால் பழைய புகைப்படத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

எடுத்து வரும்போது டாடா ஏஸில் படுக்கவைத்து, உடம்பின் கீழ் இரண்டு இடத்தில் சாக்கு மடித்து வையுங்கள். கூண்டைச் சுற்றிய மேடையைப் பிடித்து யாரும் தூக்கக்கூடாது. கூண்டு தனியாகக் கழன்று வரும்படி கேட்டிருந்தால் அந்தப் பயமும் இல்லை. நிறுத்தியபின் முதல் கழுவல் பொங்கலுக்குப் பிறகு, மழை ஓய்ந்ததும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும், பிரஷர் குழாய் மூட்டுக்குள் தண்ணீரைத் திணிக்கும். புரட்டாசிக் கடைசியில் கூரை மூட்டையும் மேடை விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். நகம் இறங்கும் இடத்தில் அன்றைக்கே எபாக்ஸி வையுங்கள், ஐப்பசி வந்துவிட்டால் காயாது.